குழந்தைக்கு சிடி ஸ்கேன்: எப்போது அவசியம், எப்போது காத்திருக்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணி. ஒன்றரை வயதுக் குழந்தை கட்டிலில் இருந்து உருண்டு தரையில் விழுந்துவிட்டது. ‘தொம்’னு ஒரு சத்தம், அடுத்த நொடியே வீடே அதிர்கிற மாதிரி அழுகை. நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துவிட்டது. பாட்டி ஐஸ் எடுக்க ஓடுகிறார், அப்பா பைக் சாவியைத் தேடுகிறார். அதற்குள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம் ஆரம்பித்துவிட்டது. “எதுக்கு ரிஸ்க்? ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க” என்கிறார் பெங்களூரு சித்தப்பா. “ஐயோ வேண்டவே வேண்டாம், சின்னக் குழந்தைக்கு ரேடியேஷன் ஆகாது, கேன்சர் வரும்னு படிச்சேன்” என்கிறார் மதுரை அத்தை.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம்தான். முழு உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில், சில எண்களில் இருக்கிறது. அந்த எண்களைத் தெரிந்துவைத்திருந்தால், டியூட்டி டாக்டர் முன்னால் நிற்கும்போது பதற்றம் கொஞ்சமாவது குறையும்.

எல்லாமே ‘ஸ்கேன்’ இல்லை

முதல் குழப்பமே வார்த்தையில்தான். நம்ம ஊரில் கர்ப்பிணிக்கு வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பதும் ஸ்கேன், மூளைக்கு சிடி எடுப்பதும் ஸ்கேன், குகை மாதிரி இருக்கும் கருவிக்குள் அரை மணி நேரம் படுக்கவைக்கும் எம்ஆர்ஐயும் ஸ்கேன். ஆனால் மூன்றும் வேறு வேறு.

அல்ட்ராசவுண்ட் என்பது ஒலி அலை. எம்ஆர்ஐ என்பது காந்தப்புலமும் ரேடியோ அலையும். இந்த இரண்டிலும் அயனியாக்கும் கதிர்வீச்சு, அதாவது டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடிய வகைக் கதிர்வீச்சு, கிடையவே கிடையாது. எக்ஸ்ரே, சிடி ஸ்கேன், பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் ஃப்ளூரோஸ்கோப்பி, மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன், பெட் ஸ்கேன் ஆகியவற்றில்தான் அது இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘ரேடியேஷன் பயம்’ என்று அல்ட்ராசவுண்டுக்குத் தயங்கிவிட்டு, சிடிக்கு யோசிக்காமல் தலையாட்டுகிற வீடுகளும் உண்டு.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் எம்ஆர்ஐயே எடுத்துவிடலாமே? முடியாது. எம்ஆர்ஐயில் நீண்ட நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கருவி போடும் சத்தத்தில் பெரியவர்களே மிரள்வார்கள். சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும், அதற்கென்று தனி ரிஸ்க் இருக்கிறது. சிடி சில விநாடிகளில் முடிந்துவிடும். மூளைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அவசரமாகத் தெரிய வேண்டிய நேரத்தில் அந்த வேகம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.

எவ்வளவு கதிர்வீச்சு?

நாம் யாருமே கதிர்வீச்சு இல்லாத இடத்தில் வாழவில்லை. மண், கட்டடம், காற்றில் இருக்கும் ரேடான் வாயு, விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள், சாப்பிடும் சாப்பாடு என்று எல்லாவற்றில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். உலக சராசரி, ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

குழந்தைக்கு எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். அதாவது, இயற்கையாக 3 நாளில் கிடைப்பது. வளர்ச்சியைப் பார்க்க கையில் எடுக்கும் ‘போன் ஏஜ்’ எக்ஸ்ரே அதைவிடவும் குறைவு. தலை சிடி சுமார் 2 மில்லிசீவர்ட், கிட்டத்தட்ட பத்து மாதக் கணக்கு. வயிற்று சிடி என்றால் 5 முதல் 10 வரை போகலாம், அது இரண்டு முதல் நான்கு ஆண்டு. கருவி, செட்டிங், குழந்தையின் எடையைப் பொறுத்து இவை மாறும். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு: ஒரு தலை சிடி என்பது சுமார் நூறு நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம். ‘எக்ஸ்ரே, சிடி ரெண்டும் ஒண்ணுதானே’ என்பது தவறு. சளி முற்றி நிமோனியா சந்தேகத்தில் டாக்டர் எழுதும் ஒரு எக்ஸ்ரேவுக்காக ராத்திரி தூக்கம் கெட வேண்டியதே இல்லை.

குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

காரணம் ஒன்று, வளரும் உடலில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. பிரியும் நேரத்தில் டிஎன்ஏவில் விழும் அடியைச் சரிசெய்வது கடினம். காரணம் இரண்டு, ஆயுள். 70 வயதுத் தாத்தாவுக்கு இன்று எடுத்த சிடியால் 20 ஆண்டு கழித்து ஒரு பாதிப்பு வரலாம் என்றால் அது பெரிய கவலை இல்லை. 2 வயதுப் பேத்திக்கு அப்படி இல்லை. மூன்றாவது கொஞ்சம் டெக்னிக்கல்: உடம்பு சின்னது. பெரியவர்களுக்கு வைக்கும் அதே செட்டிங்கில் குழந்தையை ஸ்கேன் செய்தால், உள் உறுப்புகளுக்குப் போய்ச் சேரும் அளவு கூடுதலாக இருக்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2013 அறிக்கையில் 23 வகைக் கட்டிகளை ஆராய்ந்தது. ரத்தப் புற்றுநோய், தைராய்டு, மூளை, மார்பகம், தோல் உள்ளிட்ட கால்வாசி வகைகளில்தான் குழந்தைகள் பெரியவர்களைவிடத் தெளிவாக அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். சிலவற்றில் இருவருக்கும் சமம், சிலவற்றில் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் குறைவு. ‘குழந்தைன்னா எல்லாமே பத்து மடங்கு’ என்று சுற்றும் ஃபார்வர்டுகளுக்கு இந்த அறிக்கை இடம் கொடுக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கவனமெல்லாம் இல்லவே இல்லை. 1920கள் முதல் 1950கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி வைத்திருந்தார்கள். புது ஷூவுக்குள் விரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, குழந்தைகள் அதில் காலை நுழைத்து விளையாடினார்கள்! கர்ப்பிணிகளின் வயிற்றையும் சாதாரணமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் கேள்வித்தாளுடன் விசாரித்தபோதுதான், கருவில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்டதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது வெளியே வந்தது. அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

முதுகுத்தண்டு வளைவுக்காக வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்கப்பட்ட அமெரிக்கப் பெண் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பிற்காலத்தில் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அதன் விளைவாக வந்த மாற்றம் ரொம்ப எளிமையானது. இப்போது அந்த எக்ஸ்ரேவை முன்பக்கம் இருந்து எடுக்காமல் முதுகுப் பக்கம் இருந்து எடுக்கிறார்கள். மார்புக்குப் போகும் கதிர்வீச்சு பெருமளவு குறைந்துவிடுகிறது.

சிடி எடுத்தால் கேன்சர் வருமா?

அத்தையின் கேள்விக்கு வருவோம். 2012இல் ‘லான்செட்’ இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வெளியானது. 1985 முதல் 2002 வரை, 22 வயதுக்குள் சிடி எடுத்த சுமார் 1,80,000 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 50 மில்லிகிரே அளவுக்குச் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகலாம் என்று வந்தது. ‘மூன்று மடங்கு’ என்பதுதான் தலைப்புச் செய்தி ஆனது. அதே ஆய்வின் இன்னொரு வரி அவ்வளவாகப் பேசப்படவில்லை: 10 வயதுக்குள் தலை சிடி எடுக்கும் 10,000 குழந்தைகளில், அடுத்த பத்து ஆண்டில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம்.

‘இது உண்மையிலேயே சிடியால்தானா? ஏற்கெனவே உடம்பில் நோய் இருந்ததால்தானே சிடி எடுக்கப் போனார்கள்?’ என்று அப்போதே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்காகவே இன்னும் பெரிய ஆய்வுகள் நடந்தன. 9 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 9.5 லட்சம் பேரின் தரவுகளை வைத்து 2023 நவம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, ஸ்கேன் எடுத்த உடனடி ஆண்டுகளைக் கழித்துவிட்டே கணக்குப் போட்டது. விடை பெரிதாக மாறவில்லை. இன்றைய அளவில் சிடி எடுக்கும் 10,000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளுக்குள் அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம்.

10,000இல் ஒன்றிரண்டு. இது சின்ன எண்ணா, பெரிய எண்ணா? இந்தியாவில் வாழ்நாளில் ஒன்பது பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பது ஐசிஎம்ஆரின் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. அதாவது 10,000 குழந்தைகளில் சுமார் 1,100 பேருக்கு, சிடி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எப்போதாவது வர வாய்ப்பிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஒரு குழந்தைக்கு ஒரு சிடி தருவது மிகச் சிறிய கூடுதல். ஆனால் ஒரு நாட்டில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் எடுத்தால், அந்த ‘ஒன்றிரண்டு’ நிஜமான குழந்தைகளாக வந்து நிற்கும். பெற்றோர் பயப்பட வேண்டிய அளவு இல்லை, மருத்துவமனைகள் அலட்சியப்படுத்தக்கூடிய அளவும் இல்லை.

சிலர் இதற்கு எதிராகக் காட்டும் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள். கதிர்வீச்சும் வருடக்கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்தது. சில விநாடிகளில் குழந்தைக்குக் கிடைக்கும் சிடி அளவை இதோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

கட்டிலில் இருந்து விழுந்த அந்தக் குழந்தை

தலையில் அடிபட்ட குழந்தைகள் விஷயத்தில் மருத்துவ உலகத்திடம் நல்ல வழிகாட்டி இருக்கிறது. வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 42,412 குழந்தைகளைக் கவனித்து 2009இல் வெளியான ‘பெகார்ன்’ ஆய்வு. இவர்கள் எல்லாரும் அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் வந்தவர்கள், முழு நினைவோடோ, ஏறக்குறைய முழு நினைவோடோ இருந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு சிடி எடுத்தார்கள். ஆபத்தான மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு, நூறில் ஒருவருக்கும் குறைவு. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு.

அந்த 376 பேரை எடுக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் அடையாளங்கள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் டாக்டர் பார்ப்பது இவை: குழந்தை மந்தமாக, எழுப்பினாலும் சரியாக எழாமல், அல்லது வழக்கத்துக்கு மாறாக எரிச்சலாக இருக்கிறதா, தொட்டுப் பார்த்தால் மண்டையோட்டில் விரிசலோ பள்ளமோ தெரிகிறதா, 5 விநாடிக்கு மேல் நினைவு போனதா, வீக்கம் நெற்றியில் இல்லாமல் தலையின் பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கிறதா, 3 அடிக்கு மேல் உயரத்தில் இருந்து விழுந்ததா. கடைசியாக ஒன்று, அம்மா அப்பா பார்வையில் குழந்தை ‘வழக்கம்போல இல்லையே’ என்று தோன்றுகிறதா. ஆமாம், பெற்றோரின் அந்த உள்ளுணர்வும் அதிகாரபூர்வமான விதிமுறையில் ஒன்று. 2 வயதுக்கு மேல் என்றால் வாந்தி, கடுமையான தலைவலி, நினைவிழப்பு, காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ ரத்தம் கட்டியதுபோல் நிறம் மாறுவது ஆகியவையும் சேரும், உயரக் கணக்கு 5 அடி ஆகும்.

இதில் எதுவுமே இல்லாவிட்டால் ஆபத்தான காயம் இருக்கும் வாய்ப்பு 2,000இல் ஒன்றுக்கும் குறைவு. 2 வயதுக்குள் என்றால் 5,000இல் ஒன்றுக்கும் குறைவு. அங்கே சிடி வேண்டியதில்லை. மாறாக, நினைவில் மாற்றமோ மண்டையோட்டு முறிவின் அடையாளமோ இருந்தால் வாய்ப்பு நூறில் நான்கைத் தாண்டுகிறது. இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் 100இல் 4, உயிருக்கே ஆபத்து. அந்தப் பக்கம் 10,000இல் ஒன்றிரண்டு, எப்போதோ வரக்கூடியது. இந்த நிலையில் “ரேடியேஷன் வேண்டாம் டாக்டர்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் மிகப்பெரிய ரிஸ்க்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குழந்தைகளும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருமுறை வாந்தி எடுத்தது என்பது மாதிரி. அவர்களை மருத்துவமனையிலேயே 4 முதல் 6 மணி நேரம் வைத்துக் கவனிப்பது ஒரு வழி. ‘சும்மா உக்கார வெச்சிருக்காங்க’ என்று கோபப்படத் தோன்றும். உண்மையில் அந்தக் காத்திருப்பும் ஒரு பரிசோதனைதான், கதிர்வீச்சு மட்டும் கிடையாது.

நம் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வீக்கம் நெற்றியில். கட்டில் உயரம் இரண்டு அடிக்குள். விழுந்தவுடன் அழுதது, நினைவு போகவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்து, விளையாட்டுக் காட்டிப் பார்த்து, வழக்கம்போல இருக்கிறது என்று உறுதியானால் சிடி இல்லாமலே வீட்டுக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். ஆனால் முடிவு டாக்டருடையது, வாட்ஸ்அப் குரூப்புடையது அல்ல.

வேறு எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

நாணயத்தை விழுங்கிவிட்டது என்று குழந்தையைத் தூக்கி வந்தால் எக்ஸ்ரே உடனே வேண்டும், யோசிக்கவே கூடாது. விழுங்கியது ஒரு ரூபாயா, ரிமோட்டில் இருந்து கழன்ற பட்டன் பேட்டரியா என்பது அதில்தான் தெரியும். பேட்டரி என்றால் படத்தில் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். நாணயமாக இருந்தால் பல நேரங்களில் கொஞ்சம் காத்திருக்கலாம், பேட்டரிக்கு அந்த அவகாசம் கிடையாது.

காசநோயும் இப்படித்தான். சின்னக் குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, அதனால் சளிப் பரிசோதனை செய்வது கஷ்டம். வீட்டில் ஒருவருக்கு டிபி, குழந்தைக்கு வாரக்கணக்கில் இருமல், எடை ஏறவில்லை என்றால் அந்த மூன்று நாள் கதிர்வீச்சு எக்ஸ்ரேவின் மதிப்பு ரொம்பப் பெரியது.

வலது பக்க அடிவயிற்று வலி, அப்பெண்டிக்ஸ் சந்தேகம் என்றால் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட். அதில் தெளிவாகத் தெரியாமல், சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால்தான் அடுத்தகட்டம். சாதாரண சளிக்கு சைனஸ் எக்ஸ்ரே, காய்ச்சலோடு ஒரே ஒருமுறை வந்து சில நிமிடங்களில் நின்றுபோன வலிப்புக்கு மூளை சிடி, பரிசோதனையில் எந்தக் கோளாறும் தெரியாத, அவ்வப்போது வரும் தலைவலிக்கு சிடி ஆகியவை பொதுவாகத் தேவைப்படாதவை.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

2008இல் அமெரிக்காவில் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற பிரசாரம் தொடங்கியது. குழந்தையின் உடலுக்கு ஏற்ப அளவைக் குறை, தேவையான பகுதியை மட்டும் எடு, ஒருமுறை எடுத்தால் போதுமென்றால் ஒருமுறையோடு நிறுத்து என்பதுதான் அதன் சாரம். இதையே கேள்வியாகக் கேட்கலாம். “இந்த சிடியால சிகிச்சை மாறுமா டாக்டர்? அல்ட்ராசவுண்ட்ல பாக்க முடியாதா? இங்க குழந்தைகளுக்குத் தனி செட்டிங் இருக்கா?” நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தியாவில் எக்ஸ்ரே, சிடி கருவிகளை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் அனுமதி கட்டாயம். அந்த அனுமதி இருக்கிறதா என்று ஸ்கேன் சென்டரில் கேட்பதற்கும் உரிமை உண்டு.

“குழந்தை மேல ஈயக் கவசம் போடலையே?” என்று பலர் சண்டை போடுவார்கள். இங்கே விதி மாறிவிட்டது. நோயாளியின் இடுப்புப் பகுதியில் கவசம் வைக்கும் வழக்கத்தை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அறிவித்தது. இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு ஏற்கெனவே குறைவு. கவசம் படத்தை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். சில கருவிகள் கவசத்தைப் பார்த்து அளவைத் தானாகவே கூட்டிவிடும். பல் எக்ஸ்ரேவுக்கும் இதையே 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் சொன்னது. ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் பெற்றோர் ஏப்ரன் போடத்தான் வேண்டும். அம்மா கர்ப்பமாக இருந்தால் அவர் வெளியே நிற்க, வேறு யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

குழந்தைக்குக் கிடைக்கும் தேவையில்லாத கதிர்வீச்சுக்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: பழைய படம் கையில் இல்லாதது. தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த சிடியை வீட்டில் பீரோ மேலேயே விட்டுவிட்டு, மாவட்டத் தலைநகருக்குப் போய் மறுபடி எடுக்கிற கதை அடிக்கடி நடக்கிறது. ஃபிலிமோடு சேர்த்து சிடியையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் என்ற அர்த்தத்தில் சொல்லும் சிடி. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் போட்டோ எடுத்து வைப்பதைவிட, அதில் இருக்கும் மூலப் படங்கள்தான் அடுத்த டாக்டருக்கு உதவும். குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைத்திருக்கும் அதே ஃபைலில், எந்தத் தேதியில் என்ன படம் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் முதல் 24 மணி நேரம் கண்ணை வைத்திருக்க வேண்டும். குழந்தை தூங்கினால் தூங்கட்டும், ஆனால் எழுப்பினால் எழுகிறதா என்று டாக்டர் சொன்ன இடைவெளியில் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், நடை தடுமாற்றம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். அப்போது சிடி எடுக்கச் சொன்னால் கேள்வியே கேட்காமல் எடுத்துவிடுங்கள்.